லைனில் இருப்பவர்கள்

குளியலறைக் குழாயை அரைத் திருகு திறந்துவிட்டு, அடியில் காலி வாளியை நகர்த்தி வைக்கிறார் லைன் அக்கா. சொட்டு விழுகிறது. கதவைப் பாதி சாத்திவிட்டுத் தன் நாற்காலிக்கு வந்து கண்ணை மூடிக் கேட்கிறார். திருப்தியில்லை. எழுந்து போய் வாளிக்குள் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றிவிட்டு வருகிறார். இப்போது ஓசை மாறிவிட்டது. "ம். இதுதான் அவங்க வீட்டுச் சொட்டு" என்கிறார். அதற்குப் பிறகுதான் தொலைபேசியை ஸ்பீக்கரில் போட்டு எண்களை அழுத்துகிறார்.

எங்கள் அலுவலகம் ஒரு மருந்துக்கடைக்கு மேலே, முதல் மாடியில், ஒன்றரை அறை. முன்னறையில் முதலாளியின் மேசை, என் கணினி, வருகிறவர்களுக்கு மூன்று பிளாஸ்டிக் நாற்காலிகள். ஒட்டுப்பலகைத் தடுப்புக்குப் பின்னால் உள்ள அரை அறை அக்காவுடையது. நாங்கள் விமான டிக்கெட் விற்கிறவர்கள். கொரோனா வந்து விமானங்கள் நின்றபோது, நாங்கள் விற்றிருந்த நூற்றுக்கணக்கான டிக்கெட்டுகள் ஒரே வாரத்தில் வெறும் காகிதமாயின. பணத்தைத் திருப்பிக் கேட்டவர்களிடம் விமான கம்பெனி "பரிசீலனையில் இருக்கிறது" என்றது. இரண்டு வருடம் அப்படியே சொல்லிவிட்டு, சரி, தருகிறோம், ஆனால் எல்லோரும் மறுபடி முதலிலிருந்து கேளுங்கள் என்றது. இரண்டு முறையும் ஒரே நிபந்தனைதான். ஏஜென்சிக்காரர் கேட்டால் போதாது. பயணியே தொலைபேசியில் வந்து, பெயரும் பிறந்த தேதியும் சொல்லி, எனக்குப் பணம்தான் வேண்டும் என்று வாயால் சொல்ல வேண்டும்.

அந்தத் தொலைபேசியில் ஆள் வர ஒன்றரை மணி நேரம் ஆகலாம், மூன்று மணி நேரமும் ஆகலாம். அதுவரை பாட்டு ஓடும். அந்தப் பாட்டோடு உட்கார்ந்திருப்பதுதான் அக்காவின் வேலை. யார் எப்போது கூப்பிட்டாலும் "லைன்ல இருக்கேன், அப்புறம் வா" என்பார். பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது. அவருடைய சொந்தப் பெயரைச் சம்பளப் பதிவேட்டில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன். அங்கும் அது யாரோ வேறொருத்தியின் பெயர்போல இருந்தது.

ஐம்பதைத் தொடப்போகிறவர். ஒல்லி. ரிசீவர் இல்லாத நேரத்திலும் தலை இடது பக்கம் சாய்ந்தே இருக்கும். காத்திருக்கும் நேரத்தில் கை சும்மா இராது. தபாலில் வந்த உறைகளை ஆவியில் காட்டிப் பிரித்து, உட்புறம் வெளியே வரும்படி மடித்துப் பசை போட்டு ஒட்டுவார். எங்கள் அலுவலகத்திலிருந்து போகிற கடிதங்கள் எல்லாமே ஏற்கெனவே யாருக்கோ வந்த உறைக்குள்தான் போகின்றன.

"ஏன்டி பட்டதாரி, இங்க வா" என்று ஒரு நாள் கூப்பிட்டார். என்னை அவர் அப்படித்தான் கூப்பிடுவார். "இந்தப் பாட்டு நாலாவது சுத்து வரும்போது ஒரு எடத்துல யாரோ மூச்ச இழுக்கறாங்க. கேளு."

கேட்டேன். "ஒண்ணும் இல்லையேக்கா."

"படிச்சவங்களுக்குக் கேக்காது போல" என்று சிரித்தார்.

இரண்டு வாரம் கழித்து ஒரு மத்தியானம், உறைகளுக்குப் பசை தடவிக் கொடுத்துக்கொண்டிருந்தபோது கேட்டது. வயலின் முடிந்து பியானோ தொடங்கும் இடத்தில், யாரோ பேச வாயெடுத்து, வேண்டாம் என்று நிறுத்திக்கொண்டதுபோல. அன்றிலிருந்து அந்தப் பாட்டில் அது மட்டும்தான் எனக்குக் கேட்கிறது.

குரல்களைச் சேர்க்க ஆரம்பித்தது உயிரோடிருக்கிறவர்களுக்காகத்தான். ஊரடங்கில் யாரும் அலுவலகத்துக்கு வர முடியாது. ஒரு பிளம்பரையோ ஆம்புலன்ஸ் ஓட்டுநரையோ மூன்று மணி நேரம் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு நில் என்று சொல்லவும் முடியாது. அக்கா ஒரு வழி கண்டுபிடித்தார். ஒவ்வொருவரையும் ஐந்து நிமிடம் கூப்பிட்டு, கம்பெனிக்காரர்கள் கேட்கிற கேள்விகளை அதே வரிசையில் தானே கேட்டு, பதில்களைப் பதிவு செய்துகொண்டார். நான் வேலைக்குச் சேர்ந்ததும் அந்தப் பதிவுகளைத் துண்டு துண்டாக நறுக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் பெயர் வைத்து, ஒரு பழைய கைப்பேசியில் ஏற்றிக் கொடுப்பது என் பொறுப்பாயிற்று. 'பெயர்', 'பிறந்த தேதி', 'பணம்தான்', 'கேக்குது'. பிறகு 'ஆமா ஒன்று', 'ஆமா இரண்டு'. எல்லோருக்கும் இரண்டு ஆமா உண்டு. அது அக்காவின் சட்டம். "மனுசன் ஒரே மாதிரி ரெண்டு தடவ ஆமா சொல்ல மாட்டான். முதல் ஆமா வேற, அடுத்த ஆமா வேற. மாத்திப் போட்டாலும் பரவாயில்ல, அதையே திருப்பிப் போட்டோம், மாட்டிக்குவோம்."

கம்பெனி ஆள் லைனில் வந்ததும், அக்கா கைப்பேசியைத் தொலைபேசியின் துளைகளிலிருந்து இரண்டு விரல் தள்ளிப் பிடிப்பார். நடுவே கைக்குட்டையை விரிப்பார். கேள்வி வரும். "சொல்லுங்கண்ணே" என்று உதட்டுக்குள் சொல்லிவிட்டு, துண்டை அழுத்துவார். அண்ணன் சொல்லுவார்.

பதிவுகளில் குரல் மட்டும் இல்லை, வீடும் இருந்தது. ஒருவர் பேசும்போது பின்னால் குழாய் சொட்டியது. ஒரு வீட்டில் மிக்சி ஓடியது. ஒரு வீட்டுத் தெருவில் குப்பை வண்டி மணியடித்துக்கொண்டே போனது. பதில் வரும்போது மட்டும் குழாய் சொட்டி, பதில் முடிந்ததும் அமைதியானால் எதிர்முனை ஆளுக்குச் சந்தேகம் வரும். அதனால் அக்கா ஒவ்வொரு அழைப்புக்கு முன்னாலும் அந்த வீட்டை அரை அறைக்குள் கட்டி எழுப்புவார். குழாய், வாளி, திறந்த சன்னல், மேசையில் விரலால் தட்டுகிற மழை. அது முடிகிறபோது அந்த அறைக்குள் நுழைந்தால், யாருடைய வீட்டுக்குள்ளோ சொல்லாமல் வந்துவிட்ட கூச்சம் எனக்கு வரும்.

மறுபடி முதலிலிருந்து கேளுங்கள் என்று கம்பெனி சொன்னதும், அக்கா பட்டியலை எடுத்து எல்லோரையும் கூப்பிட்டார். பல இடங்களில் வேறு குரல் பேசியது. மகள், தம்பி, பக்கத்து வீட்டுக்காரர். இடையில் இரண்டாவது அலை வந்து போயிருந்தது. அப்படி முப்பத்தொரு பேர். அவர்கள் பெயருக்கு நேரே அக்கா 'இறந்துவிட்டார்' என்று எழுதவில்லை. பென்சிலால், சின்ன எழுத்தில், 'இனி பேச மாட்டார்' என்று எழுதினார். எழுதிவிட்டு, ஒவ்வொருவராகப் பேச வைத்தார்.

நேர்வழி இல்லாமல் இல்லை. இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், எல்லா வாரிசுகளின் கையெழுத்து, இதெல்லாம் இருந்தால் கம்பெனி தரும். ஆனால் கம்பெனி வைத்த கெடு ஒன்பது மாதம். சான்றிதழ் தருகிற அலுவலகங்களின் வேகம் வேறு.

"தப்பில்லையாக்கா?" என்று ஆரம்பத்தில் ஒரு நாள் கேட்டேன்.

"எது?"

"செத்தவங்க பேசற மாதிரி..."

"மாதிரி என்னடி மாதிரி? அவரேதான் பேசறாரு. அவர் வாய், அவர் வார்த்த. நான் பட்டன அமுக்கறேன், அவ்வளவுதான். பறக்காத ப்ளேனுக்குக் காச வாங்கி வச்சுக்கிட்டு நமக்குப் பாட்டு போட்டுக்கிட்டிருக்கானே, அவன்கிட்டப் போய்க் கேளு, தப்பா ரைட்டான்னு."

எங்கள் வீட்டில் படிவம் நிரப்பத் தெரிந்த முதல் ஆள் நான். நான் விரல் வைத்த இடத்தில் அப்பா கையெழுத்துப் போடுவார். மேலே என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. இங்கே ஒவ்வொரு அழைப்பும் முடிந்ததும் 'பயணி தாமே உறுதி செய்தார்' என்ற கட்டத்தில் டிக் போடுவதும் நான்தான். பொய்யா என்று என்னையே கேட்டுப் பார்க்கிறேன். 'பயணி' பொய்யில்லை. 'தாமே' பொய்யில்லை. 'உறுதி செய்தார்' என்பதும் பொய்யில்லை. ஆனாலும் டிக் போடுகிற கை ஒவ்வொரு முறையும் ஒரு கணம் நிற்கிறது.

ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் அந்த முப்பத்தொரு பேரில் இருந்தார். எல்லாம் நல்லபடியாக முடிந்த பிறகு, எதிர்முனைப் பெண் தேனொழுகக் கேட்டாள்: "மறுபடியும் எங்களோட பயணம் செய்வீங்களா மேடம்?" அந்தக் கேள்வி வரிசையில் இல்லாதது. அக்கா கொஞ்சம் யோசித்து, 'ஆமா இரண்டை' அழுத்தினார். டீச்சரின் இரண்டாவது ஆமா களைத்துப்போன ஆமா. "ரொம்ப சந்தோஷம் மேடம்" என்றாள் அந்தப் பெண். மூன்று வாரம் கழித்து அலுவலகக் கைப்பேசிக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. டீச்சரின் பெயர் போட்டு, 'உங்கள் வருகைக்காகக் காத்திருக்கிறோம்.' அக்கா அதைப் படித்தார். "டீச்சர், உங்களுக்குத்தான்" என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொல்லிவிட்டு, கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தார். அவர் சிரிக்கவில்லை. நான் சிரிக்கலாமா என்று பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

இந்த வேலை அவரோடு வீட்டுக்கும் போகிறது. கடைக்காரர் "சில்லற இருக்கா?" என்று கேட்டால், அக்கா உடனே பதில் சொல்ல மாட்டார். இரண்டு நொடி இடைவெளி விட்டுத்தான் "இருக்கு" என்பார், எங்கோ பொத்தானைத் தேடி அழுத்திவிட்டு வந்ததுபோல. புதிதாக ஒருவர் தொலைபேசியில் பேசினால், அவர் சொல்வதைவிட அவருக்குப் பின்னால் கேட்பதில்தான் கவனம். "உங்க வீட்டுப் பக்கத்துல ஏதோ கட்டறாங்களா?" என்று கேட்டு அவர்களைத் திடுக்கிட வைப்பார். அவருடைய அறைக்கு ஒரு முறை போயிருக்கிறேன். மாடியில் ஒற்றை அறை, தனியாகத்தான் இருக்கிறார். கடிகாரம் இல்லை. மின்விசிறி இருக்கிறது, போடுவதில்லை. குழாய்க்குக் கீழே நான்காக மடித்த துணி, சொட்டினால் சத்தம் வராமல் இருக்க. "இங்க யாரும் எதையும் சொல்லக் கூடாது" என்றார். குழாயைத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன்.

அலுவலகத் தொலைபேசியில் 'சற்று நேரம் கழித்து அழைக்கவும்' என்று பதிவு செய்து வைக்க முதலாளி அக்காவின் குரலைக் கேட்டார். "ஐயோ, என் குரல் எதுக்கு சார்? நான்தான் இருக்கேனே" என்று அக்கா பதறிப்போனார். கடைசியில் என் குரலைத்தான் பதிவு செய்தோம். அதற்குப் பிறகு சில நாள் அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

முப்பது பேர் முடிந்து, மிச்சமிருந்தது வெல்டர் ஒருவர்தான். வெளிநாட்டில் கப்பல் பட்டறையில் வேலை செய்தவர், விடுமுறைக்கு வந்து திரும்பிப் போக டிக்கெட் எடுத்திருந்தார். விமானம் நின்றது. அடுத்த வருடம் ஆஸ்பத்திரிக்குப் போனார். மனைவியைப் பார்க்க விடவில்லை. கட்டிய மூட்டையாகத்தான் திரும்பி வந்தார். அந்த மனைவி ஒரு பேக்கரியில் பொட்டலம் போடுகிறவர். "எனக்குக் குறுக்கு வழி எதுவும் வேணாங்க. பேப்பர் வாங்கி முறையா எடுத்துக்கறேன்" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். குறுக்கு வழி என்னவென்று அவருக்குத் தெரியாது. எந்தக் குடும்பத்துக்குமே தெரியாது. "லைன்ல பேசி முடிச்சாச்சு" என்பதற்கு மேல் அக்கா ஒரு சொல் சொன்னதில்லை.

ஏழு மாதம் அவர் சான்றிதழுக்காக நடந்தார். அதற்குள் நான்கு மாத வாடகை பாக்கி. வீட்டுக்காரர் சனிக்கிழமை வரை கெடு கொடுத்துவிட்டார். "வீட்ட விட்டா ரெண்டு பொண்ணுங்களோட அண்ணன் வீட்டுக்குத்தான் போகணும்" என்றார் எங்களிடம். "அங்க மொத நாள் விருந்தாளி, மறுநாள்லேர்ந்து வேலைக்காரி. இந்த டிக்கெட் காசு வந்தாப் போதும், பாக்கிய அடச்சிட்டு அந்த வீட்லயே இருந்துடுவேன். அவர் இருந்த வீடு." கம்பெனியின் கெடு அந்தச் சனிக்கிழமைக்கு முந்தின புதன்கிழமையோடு முடிந்தது.

அந்தப் புதன்கிழமை காலை பத்து மணிக்கு அக்கா என்னைக் கூப்பிட்டார். "இன்னிக்கும் அந்தப் பேப்பர் வராது. வெல்டர்கிட்டயே பேசிடுவோம்."

வெல்டரின் வீட்டில் ஒரு மின்விசிறி இருந்தது. சுற்றுக்கு ஒரு தரம் 'டக்' என்று தட்டும் விசிறி. அக்கா எங்கள் மேசை விசிறியின் கம்பிக் கூண்டில் ஒரு காலண்டர் அட்டையைச் செருகினார். இறக்கைகளில் சற்று வளைந்த ஒன்று மட்டும் அட்டையின் நுனியைத் தொடும்படி, அரை மணி நேரம், நகர்த்தி நகர்த்திச் சரிசெய்தார். டக். டக். டக். பதிவையும் விசிறியையும் மாறி மாறிக் கேட்டேன். எது எது என்று எனக்கே தெரியவில்லை.

பாட்டு ஒரு மணி ஐம்பது நிமிடம் ஓடியது. மத்தியான வெயில் சன்னலில் ஏறியிருந்தது. மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டுத் திரும்பினேன். வெல்டரின் மனைவி. முகமெல்லாம் வேர்வை.

"கையெழுத்துப் போடறவர் இன்னிக்கு லீவாம். அடுத்த வாரம் வாங்கறாங்க. அக்கா எங்க?"

"லைன்ல இருக்காங்க. நீங்க..."

நான் முடிப்பதற்குள் அவர் தடுப்பின் ஓரத்துக்கு வந்துவிட்டார். வந்தவர் அப்படியே நின்றார்.

"இது என்ன, எங்க வீட்டு ஃபேன் மாதிரியே அடிக்குது?"

அக்கா நிமிர்ந்து பார்த்தார். அந்த முகத்தில் பயத்தை அன்றுதான் பார்த்தேன். அதே நேரம் பாட்டு நின்றது.

"வணக்கம், காத்திருந்ததுக்கு மன்னிக்கணும். நான் உங்களுக்கு எப்படி உதவலாம்?"

இளைஞன் ஒருவனின் குரல். அக்கா உதட்டில் விரல் வைத்து வெல்டரின் மனைவியைப் பார்த்தார். நான் தடுப்பின் ஓரத்தில் கிடந்த முக்காலியில் அவரை உட்கார வைத்து, பேசக் கூடாது என்று சைகை காட்டினேன். பையை மடியில் வைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரியில் உட்காருவதுபோல உட்கார்ந்தார். அதற்குள் அக்கா டிக்கெட் எண்ணைச் சொல்லி முடித்திருந்தார்.

"பயணி பக்கத்துல இருக்காரா மேடம்?"

"இருக்காருங்க. பக்கத்துலயே இருக்காரு."

வெல்டரின் மனைவி என்னைப் பார்த்தார். பிறகு அறையில் வேறு யார் இருக்கிறார்கள் என்று பார்த்தார்.

"சார், நான் பேசறது கேக்குதா?"

அன்றைக்கு அக்கா "சொல்லுங்கண்ணே" சொல்லவில்லை. அழுத்தினார்.

"கேக்குது, சொல்லுங்க."

அந்த அம்மாள் கத்துவார் என்று நினைத்தேன். அவர் வாயைப் பொத்தக் கை தூக்கினேன். அவர் கத்தவில்லை. அழவுமில்லை. கலைந்திருந்த தலைமுடியை இரண்டு கையாலும் அவசரமாகக் கோதி, முகத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டார்.

வெல்டர் தன் பெயரைச் சொன்னார். பிறந்த தேதியைச் சொன்னார். பணமா, அடுத்த பயணத்துக்கான கிரெடிட்டா என்றதற்கு, "பணமாவே குடுத்துடுங்க, வீட்ல செலவு இருக்கு" என்றார். விசிறி தட்டிக்கொண்டே இருந்தது.

"பணம் உங்க ஏஜென்சி மூலமாத்தான் வரும். சம்மதமா சார்?"

அக்கா அழுத்தினார். வெல்டர் லேசாக இருமிவிட்டு, "ஆமா" என்றார்.

"இந்த முடிவ அப்புறம் மாத்த முடியாது. சரிதானே சார்?"

அக்காவின் கண் முக்காலியில் இருந்தது. விரல் அழுத்தியது. அதே இருமல். அதே "ஆமா."

எதிர்முனையில் விசைப்பலகைச் சத்தம் நின்றது.

"சார்?"

அக்கா அசையவில்லை.

"மேடம், சார் ரெண்டு தடவையும் ஒரே மாதிரி இருமினாரு. இது ரெக்கார்டிங் மாதிரி தெரியுது. அவர் வேற ஏதாவது பேசட்டும். எதுவா இருந்தாலும் பரவாயில்ல. பேசலைன்னா நான் இந்தக் கேஸ மூட வேண்டியிருக்கும்."

அன்று கடைசி நாள். மூடினால் மூடினதுதான்.

அக்காவின் விரல் கைப்பேசியில் கீழே, இன்னும் கீழே போனது. ஒவ்வொரு பதிவையும் நறுக்கும்போது கடைசியில் கொஞ்சம் மிஞ்சும். அழைப்பு முடிந்துவிட்டது என்று நினைத்து அவர்கள் வீட்டுக்குள் பேசுகிற பேச்சு. அதைத் தூக்கிப்போட எனக்கு மனம் வராது. 'மீதி' என்று பெயரிட்டு அடியில் வைத்துவிடுவேன். என்னைத் தவிர யாரும் கேட்டதில்லை. அக்கா அதை அழுத்தினார்.

"ஏ குட்டிம்மா... என் கண்ணாடிய எங்க வச்ச? தேடிக்கிட்டே இருக்கேன்."

"ஜன்னல்லதாங்க இருக்கு" என்றார் வெல்டரின் மனைவி, சத்தமாக, அடுப்படியிலிருந்து சொல்வதுபோல. "எதிர்ல இருக்கறதே தெரியாது உங்களுக்கு."

சொல்லி முடித்த வாய் திறந்தபடியே நின்றது.

இளைஞன் சிரித்தான். வாய்விட்டு, நிம்மதியாக. "எங்க வீட்லயும் இதே கததான் சார். கெடச்சுதா கண்ணாடி?"

அக்கா 'ஆமா இரண்டை' அழுத்தினார்.

"ஆமா" என்றார் வெல்டர்.

"அப்ப சரி. நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள பணம் ஏஜென்சி கணக்குக்கு வந்துடும். ரெஃபரன்ஸ் நம்பரக் குறிச்சுக்கோங்க." அவன் சொன்ன எண்ணை நான் எழுதினேன். பயணி தாமே உறுதி செய்தார் என்ற கட்டத்தில் டிக் போட்டேன். இந்த முறை கை நிற்கவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியவில்லை.

லைன் துண்டிக்கப்பட்டது. விசிறியை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை.

"பணம் வந்துடும்மா" என்றார் அக்கா. "வெள்ளிக்கிழம வந்து வாங்கிக்கோங்க. வாடகைய அடச்சிடலாம்." பிறகு, மேசையைப் பார்த்துக்கொண்டே, "அது ரெக்கார்டும்மா. அப்ப ஃபோன்ல பேசினது. உங்ககிட்ட மொதல்லயே சொல்லியிருக்கணும்."

வெல்டரின் மனைவி தலையாட்டினார். பணம் என்றதற்கா, ரெக்கார்டு என்றதற்கா என்று தெரியவில்லை. அவருக்கு வேறு கவலை இருந்தது.

"அக்கா, கண்ணாடி ஜன்னல்ல இல்ல."

"என்னம்மா?"

"அவர் போனதும் எடுத்துப் பொட்டியில வச்சிட்டேன். பழக்க தோசத்துல ஜன்னல்னு சொல்லிட்டேன்." குரல் தாழ்ந்தது. "அவர் அங்க தேடிக்கிட்டிருப்பாரு. இன்னொரு தடவ கூப்பிடச் சொல்லுங்க."

அதெல்லாம் வேண்டாம் என்று அக்கா சொல்வார் என எதிர்பார்த்தேன். அவர் வழக்கமான இரண்டு நொடியை விட்டார். இன்னும் இரண்டு நொடி. பிறகு எழுந்து, தன் நாற்காலியில் அந்த அம்மாளை உட்கார வைத்து, கைப்பேசியை அவர் கையில் கொடுத்து, எதை அழுத்த வேண்டும் என்று காட்டினார். என் தோளைத் தொட்டு வெளியே தள்ளிக்கொண்டு வந்து, அலுவலகக் கதவை நெருக்கிச் சாத்தினார். நாங்கள் மாடிப்படியின் மேல்படியில் நின்றோம். கீழே மருந்துக்கடையில் யாரோ பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

உள்ளே ஆண் குரல் கூப்பிட்டது. கண்ணாடி எங்கே என்றது.

"பொட்டியிலங்க. பச்சப் பொட்டியில."

கொஞ்ச நேரம் விசிறி மட்டும் தட்டியது. பிறகு மறுபடி அதே குரல், தேடிக்கிட்டே இருக்கேன் என்றது.

"கீழ பாருங்க. துணிக்கு அடியில. இன்னும் கீழ."

மறுபடி கூப்பிட்டது.

நான் அக்காவைப் பார்த்தேன். அவர் சுவரில் சாய்ந்து, கண்ணைத் திறந்தபடியே, இரண்டு உள்ளங்கைகளாலும் காதுகளை இறுகப் பொத்திக்கொண்டிருந்தார்.